ஸ்பூல் டேப்பில் காணாமல் போன தம்புரா: ப்ளேபேக் ஹெட் அலைன்மென்ட் முழு வழிகாட்டி

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று மும்பைத் தமிழர் வீடுகளில் லாஃப்டைக் குடைந்தால், பித்தளைக் குடத்துக்கும் கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் பின்னால் ஸ்பூல் டேப் அட்டைப்பெட்டிகள் சில இன்னும் அகப்படும். சபா கச்சேரி, வீட்டுக் கல்யாணத்தில் நடந்த கச்சேரி, ரேடியோவிலிருந்து பிடித்தது என்று தாத்தாவின் கையெழுத்தில் எழுதியிருக்கும். டிஜிட்டைஸ் செய்யக் கொடுத்தால் பாட்டு வருகிறது, ஆனால் மூக்கடைப்போடு பாடுவது போல வருகிறது. வயலினில் வில்லின் உரசல் இல்லை. மிருதங்கத்தின் சாப்பு அமுங்கிக் கிடக்கிறது. தம்புரா போட்டார்களா என்றே சந்தேகம் வருகிறது. "அந்தக் காலத்து ரெக்கார்டிங், அவ்வளவுதான் வரும்" என்று சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது உண்மையில்லை. மேல்ஸ்தாயி ஒலிகள் டேப்பில் அப்படியே இருக்கின்றன. படிக்கிற ஹெட்டின் கோணம்தான் ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். ஆனால் எந்த ஸ்க்ரூ, எப்போது, எதைக் கேட்டுக்கொண்டு திருப்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மெஷினை மேனுவல்படி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வீட்டு ரெக்கார்டிங்குக்கு டேப்தான் அளவுகோல். தாத்தாவின் மெஷினில் ஹெட் சாய்ந்திருந்தால், அந்த டேப்பை வாசிக்கும் நேரத்துக்கு உங்கள் ஹெட்டும் அதே அளவு சாய வேண்டும்.

இவ்வளவு சின்னக் கோணம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது

ப்ளேபேக் ஹெட்டின் முகத்தில் சில மைக்ரான் அகலத்தில் செங்குத்தான ஒரு பிளவு இருக்கிறது. அதுதான் கேப். டேப் அதைக் கடக்கும்போது காந்த அலைகளை அது படிக்கிறது. டேப்பில் பதிந்த அலையின் நீளம், டேப்பின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் வரும். நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 19 மைக்ரான். 9.5 செ.மீ. வேகத்தில் அதே ஒலி 9.5 மைக்ரானில் அடங்கிவிடுகிறது. வீட்டுக் கச்சேரிகளில் நிறைய 9.5-ல்தான் பதிவாயின. டேப் விலை அப்படி.

பதிவான கோடும் படிக்கிற கேப்பும் ஒரே சாய்வில் இல்லையென்றால், ட்ராக்கின் மேல் ஓரம் அலையின் ஒரு பகுதியைப் படிக்கும்போது கீழ் ஓரம் வேறு பகுதியைப் படிக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதுதான் அசிமத் பிழை. ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு சாய்வு என்று வைத்துக்கொள்வோம். டேப்பின் ஒரு பாதியில் முதல் பக்கமும் மறுபாதியில் இரண்டாம் பக்கமும் பதிகிற, 2 மி.மீ. அகலமுள்ள ஹாஃப் ட்ராக்கில், 9.5 செ.மீ. வேகத்தில், 10 கிலோஹெர்ட்ஸ் சுமார் 6 டெசிபெல் குறையும். அதே சாய்வில், டேப்பை நான்காகப் பிரித்துப் பதிகிற, 1 மி.மீ. அகலமுள்ள குவார்ட்டர் ட்ராக்கில் 1.4 டெசிபெல்தான் குறையும். டேப்பின் முழு அகலத்தையும் படிக்கும் ஃபுல் ட்ராக் ஹெட்டிலோ, 19 செ.மீ. வேகத்தில்கூட 20 டெசிபெலுக்கு மேல் போய்விடும். ட்ராக் அகலமாக, வேகம் குறைய, தப்புக்கு இடம் சுருங்குகிறது.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்

மந்தமான ஒலிக்கு அசிமத் மட்டுமே காரணமில்லை. கழித்துக் கழித்துத்தான் அதற்கு வர வேண்டும்.

முதலில் கரண்ட். சோர் பஜாரில் வாங்கிய மெஷினோ, வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மாமா கொண்டுவந்ததோ, பின்பக்க வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பார்க்காமல் ப்ளக்கில் சொருகாதீர்கள். பல வருடம் ஓடாத மெஷினை முதலில் 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் வைத்து ஆன் செய்யுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பழைய பேப்பர் கப்பாசிட்டர்கள் புகை விடுவது சகஜம், அவற்றை முதலிலேயே மாற்றிவிடலாம். சேசிஸைத் திறந்துவைத்து வேலை செய்யும்போது மெயின்ஸ் ஒயர் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கையை வையுங்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்தாலும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏ.சி. மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்கு மேல் இறங்கிவிடும். பாடகி ஆண் குரலில் பாடினால் சந்தேகப்படுங்கள். சில மெஷின்களில், டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் என்ற தண்டின் புல்லியையோ ஸ்லீவையோ மாற்ற வசதி உண்டு.

அடுத்தது சுத்தம். ஹெட், டேப்பை வழிநடத்தும் கைடு, கேப்ஸ்டன் எல்லாவற்றையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைக்க வேண்டும், பட்ஸ் பழுப்பில்லாமல் வரும்வரை. டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் பின்ச் ரோலரின் ரப்பருக்கு மட்டும் லேசான சோப்புத் தண்ணீர் போதும். இதைச் சடங்காகச் செய்யாதீர்கள். டேப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே 1 மைக்ரான் படலம் இருந்தால், 9.5 செ.மீ. வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 டெசிபெல் போய்விடும். மேலே சொன்ன அசிமத் பிழையும் இதே அளவுதான். ஹெட்டைத் துடைக்காமல் ஸ்க்ரூவைத் திருகுகிறவர் எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு, ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீமேக்னடைஸர். மெஷின் ஆஃபில் இருக்க வேண்டும், டேப்புகள் எல்லாம் அடுத்த அறையில் இருக்க வேண்டும். கருவியைத் தூரத்தில் வைத்தே ஆன் செய்து, மெதுவாகக் கிட்டே கொண்டுவந்து, ஒவ்வொரு ஹெட்டிலும் கைடிலும் காட்டி, அதே நிதானத்தில் ஒரு கை நீளத்துக்கு விலக்கிய பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும். கிட்டே வைத்து ஆஃப் செய்தால் ஹெட் முன்பைவிட அதிகமாகக் காந்தமாகிவிடும்.

இப்போது ஒரு சோதனை. டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது சுத்தமான பட்ஸால் டேப்பின் முதுகை ஹெட்டோடு மிக லேசாக அழுத்துங்கள். சட்டென்று ஒலி தெளிந்தால் பிரச்சினை அசிமத் அல்ல, டேப் ஹெட்டில் ஒட்டவில்லை. பழைய மோனோ மெஷின்களில் டேப்பை ஹெட்டில் அழுத்துகிற கம்பளித் துண்டு கல்லாக இறுகியிருக்கும், அதை மாற்றுங்கள். மங்கலான பழுப்புப் பக்கம் ஹெட்டைப் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். டேப் திருப்பிச் சுற்றப்பட்டிருந்தால் ஒலி சன்னமாகவும் மந்தமாகவும் வரும், எந்த ஸ்க்ரூவும் உதவாது.

டேப்பின் நிலையையும் பார்த்தாக வேண்டும். மும்பை மழைக்காலம் நான்கு மாதம் லாஃப்டில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, பால்கனியில் வைத்துத் துடையுங்கள். சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிகிறதா? அது அசிடேட். காடி வாசனை வந்தால் சிதைய ஆரம்பித்திருக்கிறது, அதை முதலில் டிஜிட்டைஸ் செய்யுங்கள். ஓடும்போது கிறீச்சிட்டு ஹெட்டில் பிசின் ஒட்டினால் அது வேறு நோய். எழுபது எண்பதுகளில் வந்த, முதுகில் கறுப்புப் பூச்சுள்ள பாலியெஸ்டர் டேப்புகளில்தான் அது அதிகம். சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வாட்டிய பிறகே ஓட்ட முடியும். அசிடேட்டை அப்படி வாட்டவே கூடாது. எப்படியானாலும் பழகுவதற்குத் தாத்தாவின் டேப்பை எடுக்காதீர்கள், வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற சுருள் ஒன்றைப் போடுங்கள்.

என்னென்ன வேண்டும்

காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவர், பித்தளையோ பிளாஸ்டிக்கோ. காந்த நுனியுள்ளதை ஹெட் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பர்மனென்ட் மார்க்கர், கண்ணாடி லென்ஸ், டார்ச், நல்ல ஹெட்ஃபோன், ஸ்டீரியோ லைன் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், லாப்டாப். லாமிங்டன் ரோடில் ஒரு மதியம் சுற்றினால் பெரும்பாலானவை கிடைக்கும். அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப், இருந்தால் நல்லது. இல்லையென்றால் லாப்டாப்பில் ஓடும் கோனியோமீட்டரும் (இரண்டு சேனலும் ஒத்துப்போகிறதா என்று காட்டும்) ஸ்பெக்ட்ரம் மீட்டரும் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும்) போதும். மெஷினைச் சரிபார்ப்பதற்கென்றே டெஸ்ட் டோன்கள் பதிந்த கேலிப்ரேஷன் டேப் விலை அதிகம். பல மெஷின் வைத்திருப்பவருக்கும், புதிதாக ரெக்கார்ட் செய்யப் போகிறவருக்கும் அது அவசியம். வீட்டில் இருக்கும் பத்து ஸ்பூலை மட்டும் மீட்க நினைப்பவர் அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஹெட்டைப் படித்துக்கொள்வது

மூன்று ஹெட் மெஷினில் டேப் ஓடும் வரிசையில் அழிப்பது, பதிவது, படிப்பது என்று இருக்கும். ரெவாக்ஸ் ஏ77, அகாய் 4000டிஎஸ் இரண்டும் இந்த வகை. நமக்கு வேண்டியது கடைசி ஹெட், கேப்ஸ்டனுக்கு மிக அருகில் இருப்பது. இரண்டு ஹெட் மெஷினில் பதிவதும் படிப்பதும் ஒரே ஹெட். அதைத் திருப்பினால் இனி நீங்கள் பதிவதும் அந்தச் சாய்விலேயே பதியும், ஞாபகம் இருக்கட்டும்.

ஹெட் ஒரு சின்னத் தட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் ஸ்க்ரூக்களில், ஹெட்டின் பக்கவாட்டில் ஸ்ப்ரிங்கோடு இருப்பது வழக்கமாக அசிமத் ஸ்க்ரூ. மற்றவை உயரத்துக்கும், ஹெட் முன்னே பின்னே சாய்வதற்கும். இந்த இரண்டாவது சாய்வை ஜெனித் என்பார்கள். மெஷினுக்கு மெஷின் அமைப்பு மாறும், சர்வீஸ் மேனுவல் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்க்ரூத் தலையில் இருக்கும் பெயிண்ட் முத்திரையை உடைப்பதற்கு முன், தலையிலும் தட்டிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு போனில் படம் எடுத்துவையுங்கள். திரும்பி வருவதற்கு வழி வேண்டும்.

உயரமும் ஜெனித்தும் சரியாக இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஹெட் முகம் முழுக்க மார்க்கர் மையைப் பூசுங்கள். காய்ந்ததும் வீண் டேப்பை அரை நிமிடம் ஓட்டுங்கள். டேப் உரசிய இடத்தில் மை அழிந்திருக்கும். லென்ஸில் பாருங்கள். அழிந்த பட்டை கேப்பின் இரு பக்கமும் சமமாக, நேர்ச் செவ்வகமாக இருந்தால் நல்லது. மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் ஜெனித் சாய்ந்திருக்கிறது, டேப் ஒரு ஓரத்தில் மட்டும் அழுந்துகிறது. பட்டை முழுவதும் கேப்புக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஹெட்டே இடமோ வலமோ திரும்பியிருக்கிறது. பார்த்து முடித்ததும் ஆல்கஹாலால் மையைத் துடைத்துவிடுங்கள்.

முகத்தில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அலைன்மென்ட் எதையும் காப்பாற்றாது. அந்த ஹெட்டுக்கு லாப்பிங், அதாவது முகத்தைத் தேய்த்துச் சமமாக்குவது, வேண்டும், இல்லையென்றால் வேறு ஹெட்.

உயரத்தைக் காதே சொல்லிவிடும். பாட்டுக்குப் பின்னால் இன்னொரு பாட்டு தலைகீழாக ஓடுவது கேட்டால், ஹெட் அடுத்த பக்கத்தின் ட்ராக்கைத் தொடுகிறது. ஆனால் அதற்காக உடனே ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். டேப் ஹாஃப் ட்ராக் மோனோவாகவும் உங்கள் மெஷின் குவார்ட்டர் ட்ராக் ஸ்டீரியோவாகவும் இருந்தால், இடது சேனல் முதல் பக்கத்தைப் படிக்கும், வலது சேனல் இரண்டாம் பக்கத்தைத் தலைகீழாகப் படிக்கும். அது பழுதே இல்லை. வலது சேனலை மூடிவிட்டு இடதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேலிப்ரேஷன் டேப்போடு அசிமத்

மெஷினுக்கு ஒரு நடுநிலை வேண்டுமென்றால் இந்த வழி. முதலில் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் நிலையில், அதாவது ஒரு சேனல் குறுக்காகவும் மற்றது நெடுக்காகவும் வரைகிற நிலையில், வையுங்கள். இரண்டு சேனலும் ஒத்துப்போனால் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலதுக்கு ஒரு சாய்கோடு தெரியும். விலகினால் கோடு நீள்வட்டமாகும், 90 பாகையில் வட்டமாகும், 180 பாகையில் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடாகும். கோடு ஒடுங்கும்வரை அசிமத் ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும்.

நேராக 10-ல் ஆரம்பித்தால் என்ன? ஏமாந்துவிடுவீர்கள். குவார்ட்டர் ட்ராக் ஸ்டீரியோவில் இடது, வலது ட்ராக்குகளின் நடுமையங்களுக்கு இடையே 3.4 மி.மீ. இருக்கிறது. அதே ஆறில் ஒரு பாகைச் சாய்வில் இரண்டுக்கும் சுமார் 9.9 மைக்ரான் முன்பின் வரும். 9.5 செ.மீ. வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸின் அலைநீளமே 9.5 மைக்ரான். அதாவது ஏறக்குறைய ஒரு முழு அலை தள்ளிப் போய், ஸ்கோப்பில் மறுபடி கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரியும். ஒரு சேனலை மட்டும் பார்த்தாலும் குறைவு 1.4 டெசிபெல்தான், மீட்டரில் கண்ணை உறுத்தாது. இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்தால் மட்டும் நடுவில் உள்ள அதிர்வெண்கள் அழிந்து குழி விழும். 1 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 95 மைக்ரான், அங்கே இந்தப் போலி வராது.

டேப் ஓடும்போது கோடு சற்று ஊசலாடும். அது டேப் கைடில் அசைவது. ஊசலின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ட்ராக்கில் பதிந்த கேலிப்ரேஷன் டேப்பைக் குறுகிய ஹெட்டில் ஓட்டும்போது அடித்தொனி டோன்கள் உயர்ந்து காட்டும், அதை நம்பி பாஸைத் திருத்த வேண்டாம்.

தாத்தாவின் டேப்புக்கு ஏற்றபடி அசிமத்

நம் வேலையின் மையம் இதுதான். டெஸ்ட் டோன் இல்லாத டேப்பில் எதைக் கேட்டுச் சரிசெய்வது?

முதலில், இரைச்சலைக் கேட்காதீர்கள். 'ஸ்ஸ்' என்ற டேப் இரைச்சல் அசிமத்தைத் திருப்பினாலும் மாறாது. அது ட்ராக்கின் குறுக்கே எந்த ஒழுங்கிலும் பதிந்ததல்ல, அழிவதற்கு அங்கே எதுவும் வரிசையாக இல்லை. புதிதாகச் செய்கிறவர்கள் இதில்தான் குழம்பி, ஸ்க்ரூ வேலையே செய்யவில்லை என்பார்கள்.

கர்நாடக சங்கீத டேப்பில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆலாபனைக்கு நடுவில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும், தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் விழும் இடைவெளியிலும் தம்புரா மட்டும் நிற்கும். அதன் ஜீவாரி, அதாவது தந்தியின் ரீங்காரம், ஓயாமல் மேல்ஸ்வர அதிர்வுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அளவும் பெரிதாக மாறுவதில்லை. இதைவிட நல்ல டெஸ்ட் சிக்னல் கச்சேரியில் கிடையாது. அப்படி ஒரு இடத்தைக் கண்டுபிடித்துக் கவுண்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தம்புரா தேறவில்லை என்றால் கைதட்டல், கஞ்சிராவின் ஜால்ரா, பாட்டில் வரும் 'ஸ', 'ச' ஓசைகள்.

ஹெட்ஃபோனில் மோனோவாகக் கேட்டபடி ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று ஒரு பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஜீவாரி மங்கும், அல்லது துலங்கும். துலங்கினால் அந்தப் பக்கமே போய், உச்சத்தைத் தாண்டி மறுபடி மங்கும்வரை போங்கள். பிறகு திரும்பி வாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவு மங்குகிற இரண்டு இடங்களின் நடுவில்தான் உச்சம் இருக்கிறது. காது உச்சத்தைவிட மங்கலை நன்றாகப் பிடிக்கும், அதனால் உச்சத்தை நேராகத் தேடுவதைவிட இது துல்லியம். ஸ்பெக்ட்ரம் மீட்டர் இருந்தால் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதி எப்போது உயர்கிறது என்றும் பாருங்கள். ஆனால் முடிவு காதுடையது.

ஹாஃப் ட்ராக் மோனோ டேப்பை ஒரு சேனலில் மட்டும் படிக்கும்போது கோனியோமீட்டர் உதவாது, ஒப்பிட இரண்டாவது சேனலே இல்லை. ஃபுல் ட்ராக் மோனோ டேப்பை ஸ்டீரியோ ஹெட்டில் ஓட்டினால் மட்டும் ஒரு சுலப வழி உண்டு. ஒரு சேனலின் பொலாரிட்டியைத் தலைகீழாக்கி, அதாவது அலையின் மேட்டைப் பள்ளமாக மாற்றி, இரண்டையும் கூட்டுங்கள். அசிமத் பொருந்தும் இடத்தில் மேல்ஒலிகள் ஏறக்குறைய மறைந்துவிடும். அந்தப் பள்ளம் காதுக்குத் தெளிவாகத் தெரியும். பிறகு பொலாரிட்டியை மறக்காமல் திருப்பிவையுங்கள்.

ரேடியோவிலிருந்து பிடித்த டேப் என்றால் எதிர்பார்ப்பைக் குறையுங்கள். 1952-ல் தொடங்கிய அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியைச் சனிக்கிழமை இரவு மீடியம் வேவில் பிடித்து வைத்தவர்கள் ஏராளம். அங்கே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தேடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. 3 முதல் 5 வரையில் உச்சம் பார்த்தால் போதும். அறிவிப்பாளர் ராகத்தின் பெயரைச் சொல்லும் இடம் தம்புராவைவிட உதவும்.

பக்கத்தைப் புரட்டினால் மறுபடி செய்ய வேண்டுமா? ஒரே மெஷினில் ஒரே காலத்தில் பதிந்திருந்தால் வேண்டாம். புரட்டும்போது டேப் 180 பாகை சுழல்கிறது, சாய்ந்த கோட்டை அவ்வளவு சுழற்றினாலும் சாய்வு அதேதான். ஆனாலும் தொடக்கத்தில் ஒரு நிமிடம் கேளுங்கள். வீட்டில் மெஷினை மாற்றியிருப்பார்கள், பழைய பக்கத்தின் மேல் புதிதாகப் பதிந்திருப்பார்கள், அறுந்த டேப்பை வேறொன்றோடு ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குப் பின்னால் ஒலி திடீரென்று மங்கினால் அங்கிருந்து மறுபடி அசிமத் பார்த்து, தனி ஃபைலாக எடுங்கள்.

அதற்கப்புறம்

டேப் பதிந்த முறைக்கு ஏற்ப மேல்ஒலியின் அளவைச் சமன் செய்யும் ஈக்வலைசேஷன் ஸ்விட்ச் இருந்தால் அசிமத் வைத்த பிறகு அதைப் பாருங்கள். 19 செ.மீ. வேகத்தில் அமெரிக்க என்.ஏ.பி. முறை 50 மைக்ரோ நொடி, ஐரோப்பிய ஐ.இ.சி. முறை 70. மாற்றிப் போட்டால் மேல்ஒலி கூடவோ குறையவோ செய்யும், அசிமத் தவறு என்று தோன்றும். 9.5 செ.மீ. வேகத்தில் இரண்டுமே 90 என்பதால் அந்தக் குழப்பமில்லை.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்துவையுங்கள், இரைச்சல் நீக்குவதைப் பிறகு காப்பியில் செய்துகொள்ளலாம். எல்லா டேப்பும் முடிந்ததும் ஸ்க்ரூவை உங்கள் மார்க்கர் கோட்டுக்கோ, கேலிப்ரேஷன் டேப் காட்டிய இடத்துக்கோ திருப்பி, ஒரு துளி நெயில் பாலிஷ் வையுங்கள். மூன்று ஹெட் மெஷினில் இனி புதிதாகப் பதியப் போகிறீர்கள் என்றால், ப்ளேபேக் ஹெட் நடுநிலையில் நின்ற பிறகு 10 கிலோஹெர்ட்ஸ் டோனைப் பதிந்துகொண்டே அதைப் ப்ளேபேக் ஹெட்டில் கேட்டு, ரெக்கார்ட் ஹெட்டை அதற்குப் பொருத்த வேண்டும். வரிசை மாறக்கூடாது.

ஒரு டேப் மட்டும் எவ்வளவு திருப்பியும் துலங்க மறுக்கலாம். உச்சம் இருக்கும், ஆனால் அந்த உச்சத்திலேயே ஒலி மங்கல். அப்போது அதே டேப்பின் கடைசியில் வீட்டுப் பேச்சு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். குழந்தையை மைக்கின் முன் நிறுத்தி ஸ்லோகம் சொல்லச் சொல்லியிருப்பார்கள். அது பளிச்சென்று இருந்து கச்சேரி மட்டும் மங்கினால், கச்சேரி வேறொரு டேப்பிலிருந்து அசிமத் பார்க்காமல் காப்பி எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்த இழப்பு காப்பியிலேயே பதிந்துவிட்டது, உங்கள் ஸ்க்ரூவால் அதை எடுக்க முடியாது. அசல் யாரிடம் இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு விசாரியுங்கள்.